பல் வலிக்கும் இரவும் பல் உடையும் நிமிஷமும்

மனித சரீரத்துக்கு நேரும் உபாதைகளில் பல்வலியைப் போல வேளை பார்த்து வருவது வேறொன்று இல்லை என்று அதை அநுபவித்தவர்கள் எல்லாரும் சொல்லுவார்கள். பகலெல்லாம் ஏதோ ஓர் ஓரத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்த பல், வீட்டில் உள்ளவர்கள் உறங்கி, தெருவில் மருந்துக் கடையும் அடைபட்டு, நாமும் தலையணையில் தலையைச் சாய்த்த பிறகுதான் தன் முழு உக்கிரத்தையும் காட்டும். விதி நம்மோடு விஷமம் செய்வதாக அப்போது தோன்றுமேயன்றி, உண்மையில் அதற்கான காரணம் பல்லின் அமைப்பிலேயே இருக்கிறது.

எனாமல் என்று சொல்லப்படும் பல்லின் மேற்பூச்சு நம் உடம்பில் உள்ள பொருள்களிலெல்லாம் கடினமானது. எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப்பொருளாகவே அமைந்த அதற்கு உணர்ச்சியும் இல்லை, ஒருமுறை உடைந்தாலோ குழி விழுந்தாலோ மறுபடி வளர்ந்து மூடிக்கொள்ளும் சக்தியும் இல்லை. அதன் அடியில், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய குழாய்கள் ஊடுருவிய டென்டின் என்ற பகுதியும், அதற்கும் உள்ளே, நரம்புகளும் ரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழும் இருக்கின்றன. வாயில் வாழும் கிருமிகள் நாம் தின்னும் சர்க்கரையை அமிலமாக மாற்றி எனாமலைக் கரைத்துக் குழி பறித்துக்கொண்டு உள்ளே போகும்போது, இந்தக் கூழ் அழற்சி கொள்கிறது. உடம்பின் வேறெந்த இடத்திலாவது அழற்சி உண்டானால் அந்த இடம் வீங்கி வெளியே புடைக்கும். பல்லுக்குள் அழற்சி உண்டானாலோ, வாய் கட்டிய பானைக்குள் பொங்கும் உலையைப்போல, வீங்குவதற்கு இடமின்றி அழுத்தம் முழுவதும் நரம்பின் மேலேயே விழுகிறது. நாம் படுத்ததும் தலைக்குப் பாயும் ரத்தத்தின் வேகம் கூடி, அந்த அழுத்தமும் கூடி, நாடித் துடிப்புக்குத் துடிப்பு பல் விண் விண்ணென்று தெறிக்கத் தொடங்கிவிடும். தலைமாட்டில் இரண்டு தலையணைகளை அடுக்கிக்கொண்டு பாதி சாய்ந்த வாக்கில் இருப்பது, அற்பமாகத் தோன்றினாலும், அந்த இரவில் செய்யத்தக்க முதல் உபாயம்.

வலியின் சுபாவத்தைக் கவனித்தாலே நோய் எந்தப் படியில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். குளிர்ந்த நீர் பட்டதும் சுரீரென்று கூசி, நீரை விழுங்கிய இரண்டொரு விநாடியில் அடங்கிவிட்டால் கூழ் இன்னும் பிழைத்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறது என்று கொள்ளலாம். சொத்தையைச் சுத்தம் செய்து அடைத்துவிட்டால் போதும். அப்படியில்லாமல், சூடான காபி பட்டதும் கிளம்பிய வலி அரை மணி நேரம் நீடித்தாலும், ஒன்றும் படாமல் தானாகவே கிளம்பினாலும், உறக்கத்திலிருந்து எழுப்பினாலும், கூழ் மீள முடியாத நிலைக்குப் போய்விட்டது என்பதே பெரும்பாலும் பொருள். அதற்கு அடுத்த படிதான் மிகவும் வஞ்சகமானது. இரண்டு மூன்று நாள் துடிக்கவைத்த வலி, ஒரு காலைப் பொழுதில், சொல்லாமல் கொள்ளாமல் முற்றிலும் நின்றுவிடுகிறது. வீட்டார் எல்லாரும் கிராம்பின் மகிமையையோ பாட்டியின் கைவைத்தியத்தையோ கொண்டாடுவார்கள். பல் வைத்தியரிடம் போக எடுத்து வைத்த பணம் வேறு செலவுக்குப் போய்விடும். உள்ளே நடந்ததோ, வலியை உணரவேண்டிய நரம்பு செத்துப்போனது; செத்த கூழில் கிருமிகள் குடியேறி, வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக் கொண்டிருக்கின்றன. சில வாரங்களோ மாதங்களோ கழித்து, கடித்தால் வலிப்பதாகவும், ஈற்றில் சீழ்க் கொப்புளமாகவும், கன்னத்தில் வீக்கமாகவும் அந்தக் கணக்கு திரும்ப வரும்.

பல் விஷயத்தில் நம்மவர்கள் அவசரத்தையும் பொறுமையையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வலிக்கும்போது, 'எப்படியாவது பிடுங்கிப் போட்டுவிடுங்கள்' என்று பதறுகிறோம். வலி நின்றதும் நிதானமாக உட்கார்ந்துவிடுகிறோம். அடிபட்டு முழுப் பல்லும் கழன்று கீழே விழுந்தால், அரை மணி நேரத்துக்குள் ஓடவேண்டிய அந்த வேளையில், 'விழுந்தது விழுந்துவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம்' என்று வாயைக் கொப்புளித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். உலக சுகாதார ஸ்தாபனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, நிலைப்பற்களில் சொத்தை உள்ளவர்கள் உலகெங்கும் ஏறத்தாழ 200 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. இந்தப் பெருங்கூட்டத்தில் எத்தனையோ பேர் பல்லை இழப்பது சொத்தையினால் மட்டும் அன்று, காலத்தைத் தவறாகக் கணித்ததனாலும்தான்.

முதலில் அந்த ஓர் இரவைக் கழிக்கும் வழியைப் பார்ப்போம். வெதுவெதுப்பான நீரில் உப்பைக் கரைத்துக் கொப்புளித்து, பல்லிடுக்கில் உணவுத் துணுக்கு சிக்கியிருந்தால் நூலால் மெல்ல எடுத்துவிடவேண்டும். இடுக்கில் சிக்கிய ஒரு மாம்பழ நாரும் கறித் துணுக்கும்கூடப் பல்வலிக்கு நிகரான வேதனையைத் தரவல்லவை. ஊக்காலும் குண்டூசியாலும் குத்தக் கூடாது. வலிக்கு, வயது வந்தவர்கள் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றோ இரண்டோ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, எக்காரணத்தைக் கொண்டும் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேற்படாமல், உட்கொள்ளலாம். கல்லீரல் நோய் உள்ளவர்களும் மதுப் பழக்கம் உள்ளவர்களும் அவ்வளவுகூட எடுக்கலாகாது. சாப்பிட்ட பின் 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென் எடுப்பது பல்வலிக்கு இன்னும் நன்றாகவே கேட்கும். ஆயினும் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும், ரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும், கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடக்கூடாது. டெங்கு பரவும் மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் ஐபுப்ரோஃபெனையும் ஆஸ்பிரினையும் அடியோடு விலக்கிவிடவேண்டும். குழந்தைகளுக்கு எடையைக் கணக்கிட்டே மருந்து. அவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

கிராம்புத் தைலத்தைப் பற்றி நம் பாட்டிமார்கள் சொன்னது வீணான நம்பிக்கையன்று. அதில் உள்ள யூஜெனால் என்ற சத்துக்கு நரம்பை மரக்கச் செய்யும் குணம் உண்டு. பல் வைத்தியர்களே அந்த யூஜெனாலைத் துத்தநாக ஆக்ஸைடுடன் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைப்பதற்கு நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். அவர்கள் அறையில் நுழைந்ததும் வரும் அந்த வாசனையே பெரும்பாலும் அதனுடையதுதான். பஞ்சில் ஒரு சொட்டு நனைத்துக் குழியில் மட்டும் சிறிது நேரம் வைப்பது போதும். பாட்டிலைச் சாய்த்து ஊற்றினால் ஈறும் நாக்கும் வெந்து புண்ணாகும். ஆஸ்பிரின் மாத்திரையை வலிக்கும் பல்லின் பக்கத்தில் அடக்கிக்கொள்வது, மூக்குப்பொடியையும் புகையிலையையும் அதக்குவது, சுண்ணாம்பைத் தடவுவது, தலைவலித் தைலத்தைப் பூசுவது ஆகிய இவையெல்லாம் பல்வலியோடு ஈற்றுப் புண்ணையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் உபாயங்கள். கன்னத்துக்கு வெளியே துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை ஒற்றிக்கொள்ளலாம். வீக்கத்தின் மேல் சுடச்சுட ஒத்தடம் கொடுப்பது வேண்டாம்.

இந்த இடத்தில் பல்லுக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் புழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகையை வாயில் பிடித்து, கீழே விழுந்ததைக் காட்டி, 'இதோ உங்கள் பல்லைத் தின்ற பூச்சி' என்று காசு வாங்கிப் போகிறவர்களைக் கிராமங்களில் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இதற்காக நாம் மட்டும் வெட்கப்படவேண்டியதில்லை. பாபிலோனிய மக்கள் களிமண் பலகையில் பல்புழுவை ஓட்டும் மந்திரத்தையே எழுதி வைத்தார்கள். ஐரோப்பாவும் பல நூற்றாண்டுகள் அதை நம்பிற்று. 1728-இல் பல் சிகிச்சையைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்ட பிரெஞ்சு வைத்தியர் பியர் ஃபோஷார், அப்படிப்பட்ட புழு எதையும் தாம் கண்டதில்லை என்று மறுத்தார். சொத்தையில் இருப்பவை பூதக்கண்ணாடிக்கும் அகப்படாத கிருமிகள். அவை புகைக்கு அஞ்சி வெளியே வந்து விழுகிறவையல்ல.

பூச்சியை விட்டொழித்த படித்தவர்களிடம் வேறொரு மூடநம்பிக்கை புகுந்திருக்கிறது. முன்பு யாருக்கோ எழுதிக் கொடுத்து மிச்சமான அமாக்ஸிஸிலினை, பல் வலித்ததும் தாமே எடுத்து விழுங்குவதுதான் அது. கூழ் அழற்சியினால் வரும் வலியை ஆண்டிபயாடிக் தீர்ப்பதில்லை. கெட்ட கூழுக்குள் ரத்த ஓட்டமே குன்றிவிட்டபோது மருந்து அங்கே போய்ச் சேருவதற்கும் வழியில்லை. அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் 2019-இல் தன் வைத்தியர்களுக்கு வகுத்த நெறியிலும், பெரும்பாலான பல்வலிகளுக்கு நேரடியான பல் சிகிச்சையே மருந்து, ஆண்டிபயாடிக் அன்று என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காய்ச்சலோடு சீழ் பரவுகிறபோதுதான் அதற்கு வேலை உண்டு. அதையும் வைத்தியர் சொல்லவேண்டும்.

சீழ் பரவும் அந்த நிலைமையைத்தான் இரவு கழியட்டும் என்று பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. கன்ன வீக்கம் கண் வரையில் ஏறினாலும், தாடைக்கு அடியிலும் கழுத்திலும் இறங்கி இறுகினாலும், வாய் திறக்க முடியாமல் போனாலும், எச்சிலை விழுங்க இயலாமல் வழியவிட்டாலும், நாக்கு மேலே தள்ளிக்கொண்டு பேச்சுக் குழறினாலும், மூச்சு முட்டினாலும், அது பல்வலி என்ற எல்லையைக் கடந்துவிட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த லுட்விக் என்ற வைத்தியர் 1836-இல் வர்ணித்து, இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படும் அந்த வாயடி வீக்கம், சில மணி நேரத்தில் சுவாசப் பாதையை அடைத்து உயிரைக் கொள்ளக்கூடியது. பெரும்பாலும் அதற்கு மூலம் கீழ்த்தாடைக் கடைவாயில் கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு சொத்தைப் பல்தான். அந்த வேளையில் பல் வைத்தியசாலையைத் தேடாமல், 108-ஐ அழைத்து, பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கே போகவேண்டும். நடந்தாலும் மாடி ஏறினாலும் கீழ்த்தாடையில் வலி கண்டு, உட்கார்ந்தால் தணிந்து, வியர்வையோ மார்பு இறுக்கமோ கூடவே வருமானால், அது பல்லின் குற்றமன்று, இருதயத்தின் எச்சரிக்கை. அதற்கும் அதே எண்தான்.

வலிக்கும் பல்லை விட்டு உடைந்த பல்லுக்கு வருவோம். நம் நாட்டில் பல்லை உடைக்கும் கருவிகளுக்குப் பஞ்சம் இல்லை. அரிசியில் கிடக்கும் கல், குழம்பில் தப்பி வந்த புளியங்கொட்டை, கறியின் எலும்பு, சோடா மூடியைப் பல்லால் திறக்கும் வீரம், இவற்றோடு கோகுலாஷ்டமியின் சீடையையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். பகவானுக்கு நிவேதனம் செய்த பண்டத்தைக் குறை சொல்ல எனக்குத் துணிவில்லை என்றாலும், பெரிய அடைப்புப் போட்ட கடைவாய்ப் பல் உள்ளவர்கள் அதை ஊறவைத்து உண்பதில் அபசாரம் ஒன்றும் இல்லை. முனை மட்டும் சிறிது சிதறினால் அது எனாமலோடு நின்றிருக்கும். ஓரத்தை இழைத்துவிட்டால் போதும். உடைந்த இடம் மஞ்சளாகத் தெரிந்து காற்றுப் பட்டாலே கூசினால் டென்டின் வெளிப்பட்டிருக்கிறது. ஓரிரு நாளில் அதை மூடவேண்டும். நடுவில் சிவந்த புள்ளி தெரிந்தாலும் ரத்தம் கசிந்தாலும் கூழே வெளிப்பட்டுவிட்டது. அன்றைக்கே வைத்தியரைப் பார்க்கவேண்டும். உடைந்த துண்டைத் தேடி எடுத்துப் பாலிலோ நீரிலோ போட்டுக் கொண்டுபோனால், பல சமயங்களில் அதையே இருந்த இடத்தில் ஒட்டிவிடுகிறார்கள். துண்டு அகப்படவில்லையானால், கிழிந்த உதட்டுக்குள் புதைந்திருக்கிறதா, இருமலோடு மூச்சுக் குழலுக்குள் போயிருக்கிறதா என்று வைத்தியர் பார்க்கும்படி அதைச் சொல்லிவிடவேண்டும். கூரிய முனை நாக்கை அறுத்தால் ஒரு சிறு துண்டு மெழுகால் தற்காலிகமாக மூடிக்கொள்ளலாம். வீட்டில் உள்ள ஒட்டுப்பசையைக் கொண்டு தாமே ஒட்டிக்கொள்ளும் சாமர்த்தியம் வேண்டாம். இன்னொரு வகை உண்டு: கண்ணுக்குத் தெரியாத விரிசல். கடிக்கும்போது பேசாமலிருந்து, கடித்ததை விடும்போது சுரீரென்று வலித்தால் அதைச் சந்தேகிக்கலாம். எக்ஸ்ரே படத்தில்கூட அது பெரும்பாலும் விழாதாகையால், எப்போது வலிக்கிறது என்று நோயாளி சரியாகச் சொல்லுவதே வைத்தியருக்குப் பெரிய உதவி.

பள்ளிக்கூட மைதானத்தில் கிரிக்கெட் பந்து பட்டு ஒரு பையனின் முன்பல் வேரோடு கழன்று மண்ணில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பல்லின் ஆயுள், அடுத்த சில நிமிஷங்களில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது. வேரைச் சுற்றி எலும்போடு பிணைக்கும் மெல்லிய நார்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள உயிரணுக்கள் காற்றில் உலரத் தொடங்கிய சில நிமிஷங்களிலேயே மடியத் தொடங்கி, ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய முற்றும் அழிந்துவிடுகின்றன. உயிரணுக்கள் இருக்கும் வரையில் பல்லைத் திரும்ப நட்டால் அது எலும்போடு இயல்பாகச் சேரும். அழிந்த பிறகு நட்டால் சில ஆண்டுகளில் எலும்பு வேரைக் கரைத்துவிடும். ஆகவே பையனுக்கு மயக்கமோ வாந்தியோ தலைக்காயமோ இல்லை என்பதை முதலில் நிச்சயித்துக்கொண்டு, பல்லை வேர்ப்பக்கம் தொடாமல், கடிக்கும் பக்கத்தைப் பிடித்து எடுத்து, அழுக்கு இருந்தால் பாலிலோ குழாய்த் தண்ணீரிலோ சில விநாடிகள் மட்டும் அலசி, தேய்க்காமல், துணியால் துடைக்காமல், அது இருந்த குழியிலேயே மெல்லச் செருகி, கைக்குட்டையை மடித்துக் கடித்துக்கொள்ளச் செய்யவேண்டும். செருக மனம் துணியாவிட்டால், ஆறிய, சர்க்கரை சேர்க்காத பாலில் பல்லைப் போட்டு எடுத்துச் செல்லவேண்டும். டீக்கடை இல்லாத பள்ளிக்கூடத் தெரு தமிழ்நாட்டில் ஏது? பாலும் கிட்டாவிட்டால் அவனுடைய எச்சிலிலேயே ஒரு சிறு கிண்ணத்தில் நனைத்து வைக்கலாம். வெறும் தண்ணீரில் ஊறவைப்பது உயிரணுக்களுக்குக் கேடு. என்றாலும் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் உலரவிடுவதைவிட அதுவும் மேல். 2008-இல் சென்னைப் பல் வைத்தியர்கள் சிலர், பாலைவிட இளநீர் அந்த உயிரணுக்களை நன்றாகக் காப்பதாகச் சோதித்து எழுதினார்கள். பிறர் பின்னர் செய்த சோதனைகளில் சில அதை ஒப்பவில்லை. ஆகையால் பால் அகப்படும் இடத்தில் பாலே சிலாக்கியம்.

நட்ட பல்லை அக்கம்பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் இரண்டு வாரம் வரையில் பிணைத்து வைப்பார்கள். வேர் முற்றிய பல்லானால் அந்த இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சையும் தொடங்கவேண்டும். தடுப்பூசிக் கணக்கைப் பார்த்து டெட்டனஸ் ஊசியும் போடக்கூடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு விழுந்தது பால் பல்லாகவே இருக்கும். அதைத் திரும்பச் செருகக் கூடாது. ஈற்றுக்குள் வளர்ந்துவரும் நிலைப்பல்லின் முளை அதனால் நசுங்கிப் போகலாம். உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கு இந்த ஒரு பத்தியையாவது கல்வி அதிகாரிகள் பாடமாகச் சொல்லிவைத்தால் எத்தனையோ குழந்தைகளின் சிரிப்புப் பிழைக்கும்.

வைத்தியரிடம் போன பின்பும் நம்முடைய பயங்கள் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளுகின்றன. மேல்தாடைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை மங்கும் என்று சொல்லாத பெரியவர் நம் ஊர்களில் இல்லை. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வைக்குரிய நரம்பு வேறு, ஒன்றை எடுப்பதால் மற்றொன்றுக்கு யாதொரு ஹானியும் இல்லை. வயதான பிறகு பல்லும் போகிறது, பார்வையும் குறைகிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். கர்ப்பகாலத்தில் பல்லைத் தொடவே கூடாது என்பதும் அப்படிப்பட்டதே. நடு மூன்று மாதங்களில் சிகிச்சை செய்துகொள்வது சௌகரியமானது, சீழ் வைத்துவிட்டாலோ எந்த மாதமானாலும் தள்ளிப்போடக் கூடாது. ஊசியின் பயத்துக்கு என்ன சொல்வது? 1905-இல் நோவகேன் என்ற, நரம்பை மரக்கச் செய்யும் மருந்து புழக்கத்துக்கு வரும் வரையில் கோகெயினையும் மயக்க மருந்தையும் நம்பவேண்டியிருந்தது. அதற்கும் முன்னால் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களுக்குத் துணை அவர்களுடைய கூச்சல் ஒன்றுதான். ஸ்வீடன் தேசத்து ரசாயனி லோஃப்கிரன் 1943-இல் கண்டுபிடித்த லிடொகெய்ன் இன்று எந்தச் சிறு ஊர் வைத்தியசாலையிலும் இருக்கிறது. அதன் பிறகு வேர் சிகிச்சை வலிக்கும் என்பது பழைய கதை.

செலவு என்பது பொய்யான பயமன்று. அடைத்தால் சில நூறில் முடிந்திருக்கவேண்டியது, வேர் சிகிச்சையும் மேல் உறையும் என்று ஆயிரக்கணக்கில் ஏறிவிடுகிறது. ஆனால் மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரிகளில் பல் பிரிவு உண்டு. சென்னையில், 1953-இல் மருத்துவக் கல்லூரியின் ஓர் அங்கமாகத் தொடங்கிப் பின்னர் தனியாக வளர்ந்த அரசு பல் மருத்துவக் கல்லூரி, கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே நாள்தோறும் நோயாளிகளைப் பார்த்து வருகிறது. கூட்டம் உண்டு, காத்திருக்கவேண்டும். காலையிலேயே போய்விடுவது நல்லது. போகும்போது தாம் உண்ணும் மருந்துச் சீட்டுகளையும் கொண்டுபோகவேண்டும். நீரிழிவு, இருதய வால்வு சிகிச்சை, ரத்தம் உறையாமைக்கு மாத்திரை, எலும்பு உறுதிக்கு ஊசி ஆகிய எதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்; ரத்தம் ஒழுகும் என்று பயந்து இருதய மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் பல்லைவிடப் பெரிய ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்கள்.

பல்லை எடுத்தே தீரவேண்டும் என்று முடிவானால், எடுத்த பின் வைக்கும் பஞ்சை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அழுத்திக் கடித்திருக்கவேண்டும். குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் இயற்கை போடும் மருந்து. அன்று முழுவதும் காறித் துப்புவதும், உறிஞ்சிக் குடிப்பதும், பலமாகக் கொப்புளிப்பதும், சூடான உணவும் கூடாது. பீடி சிகரெட்டை இன்னும் சில நாள் சேர்த்தே விலக்கவேண்டும். இவற்றால் அந்தக் கட்டி பெயர்ந்துவிட்டால், தணிந்துவந்த வலி இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ முன்னைவிடக் கடுமையாகி, காது வரையில் இழுத்து, வாயும் நாறத் தொடங்கும். பல்லை எடுத்தவரின் பிழை என்று அவரைத் திட்டிக்கொண்டு வேறு வைத்தியரைத் தேடாமல் அவரிடமே திரும்பிப் போனால், குழியைக் கழுவி மருந்து தோய்த்த துணியை உள்ளே வைப்பார். அன்று மாலைக்குள் பெரும்பாலும் சோறு சாப்பிட முடியும்.